ஷட்டருக்குப் பின்னால் இருந்தவர்கள்

அபிதாவுக்கு அது ஒரே ஒரு நாள் வேலை. அப்படித்தான் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் அவள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். வளைகுடாவுக்கும் அயர்லாந்துக்கும் போகத் துடிக்கிற நர்ஸுகளால் வகுப்பு எப்போதும் நிறைந்திருக்கும். ஒரு சாயங்காலம் வகுப்பு முடிகிற நேரத்தில் செல்வன் வந்து வாசலில் நின்றார். குழித்துறைக்கு அப்பால் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற பெரிய அண்டி ஆபீசுக்கு அவர் மேனேஜர். முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை கப்பலில் வந்து இறங்கும். இங்கே பெண்கள் அதை உடைத்து, தோலெடுத்து, தரம் பிரித்துக் கொடுக்க, பருப்பு திரும்பவும் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகும்.

"டீச்சர், ஒரு உபகாரம் செய்யணும்" என்றார் செல்வன். "நம்ம பருப்பு வாங்குத கம்பெனியில இருந்து ஆடிட்டுக்கு ஒரு வெள்ளைக்கார மதாம்மை வருதாவ. நாங்க வழக்கமா கூப்பிடுத ஆளுக்குக் காய்ச்சல். பெண்ணுங்க தமிழ்ல சொல்லுததை நீங்க இங்கிலீஷ்ல சொல்லணும். அவ்வளவுதான்."

"என்ன கேப்பாவ?"

"வேல எப்பிடி, சம்பளம் ஒழுங்கா வருதா, குடிக்க வெள்ளம், கக்கூஸ் வசதி உண்டா, இப்பிடித்தான். நம்ம பெண்ணுங்களுக்குப் பேசத் தெரியாது, பாருங்க. முன்னப்பின்ன சொன்னாலும் நீங்க கொஞ்சம் நல்லபடியா எடுத்துச் சொன்னாப் போதும்."

நல்லபடியா என்றால் நல்ல இங்கிலீஷில் என்றுதான் அபிதா புரிந்துகொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா அன்னக்கிளியிடம் போனை நீட்டி அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் இணையப் பக்கத்தைக் காட்டினாள். ஊர் ஊராகக் கடைகள் வைத்திருக்கிற பெரிய கம்பெனி. கை நிறையப் பருப்பை ஏந்திக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிற படம். கீழே, ஒவ்வொரு பருப்புக்குப் பின்னாலும் மரியாதையோடு நடத்தப்படும் ஒரு மனிதர் இருக்கிறார் என்று எழுதியிருந்தது.

"வெளிநாட்டுக்காரன் வெளிநாட்டுக்காரன்தான்" என்றாள் அன்னக்கிளி. "எங்கயோ இருக்கவன் இங்க உள்ளவளுக்குக் கக்கூஸ் உண்டான்னு ஆளு விட்டுக் கேக்கான் பாரு."

அபிதாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் வந்த ஆடிட்டரின் பெயர் மார்த்தா; அந்தக் கம்பெனிக்காக ஆலைகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கிற வெளி ஆள். ஐம்பதைத் தாண்டிய வயது, வெட்டிவிட்ட நரைமுடி, வெயிலில் சிவந்துபோன மூக்கு. அபிதாவிடம் முதலில் சொன்னது இதுதான்: "அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட எனக்காக அழகாக்க வேண்டாம்." செல்வன் சொன்னதும் இவள் சொல்வதும் இடிக்கிறதே என்று அபிதாவுக்கு லேசாக ஒரு நெருடல். ஆனால் உள்ளே போனதும் அது மறந்துவிட்டது. அண்டி ஆபீஸ் என்றால் கரி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு என்று கேள்விப்பட்டிருந்தாள். இங்கே சுவரில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. மின்விசிறிகள் ஓடின. தரம் பிரிக்கிற கூடத்தில் வரிசை வரிசையாகப் பெண்கள் ஆகாய நீலச் சீருடையும் தொப்பியும் முகக்கவசமும் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டோமோ என்று இருந்தது அவளுக்கு.

மார்த்தா வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, தானாகவே ஒரு பெண்ணைக் கைகாட்டினாள். அந்தப் பெண் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகக்கவசத்தை இறக்கினாள்.

அபிதா அந்த முகத்தை மறுபடியும் பார்த்தாள்.

முத்துக்கனி சித்தி. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அழகியமண்டபத்தில் தையல் கடை வைத்திருக்கிறவள். இப்போது அபிதா உடுத்தியிருந்த சுடிதாரே அவள் தைத்ததுதான். சித்தி அண்டி ஆபீஸ் படி ஏறியதாக வாழ்நாளில் கேட்டதில்லை.

"இங்கே எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று கேளுங்கள்" என்றாள் மார்த்தா.

"நீங்க... இங்க எத்தன வருஷமா வேல செய்யுதீங்க?" தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது அபிதாவுக்கு. சொந்தச் சித்தியை நீங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

சித்தி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, "பன்னெண்டு வருஷம்" என்றாள்.

"பன்னிரண்டு வருடங்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டாள் அபிதா. யோசித்துச் சொல்லவில்லை. வகுப்பில் பழகிப்போன வாய், கேட்டதை அப்படியே மாற்றித் தள்ளிவிட்டது. சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது.

"உடைக்கும்போது கொட்டை ஓட்டிலிருந்து கசிகிற பாலில் கை வெந்துபோகிறதா?" என்று அடுத்துக் கேட்கச் சொன்னாள் மார்த்தா.

"இல்ல. கையுறை உண்டு. எல்லாம் சுகமா இருக்கு."

அதையும் சொன்னாள். அடுத்து வந்தவள், அதற்கடுத்தவள் எல்லோருமே சுகமாக இருந்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையில் சுகமாக இருந்தார்கள். மார்த்தா எழுதிக்கொண்டே போனாள். செல்வன் பக்கத்தில் நின்று, பாடம் ஒப்பிக்கிற பிள்ளைகளைப் பார்க்கிற வாத்தியாரைப் போலத் தலையை ஆட்டினார்.

சாயா குடிக்க விட்ட நேரத்தில், கை கழுவுகிற இடத்தில் அபிதா சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன கோலம் சித்தி இது?"

"ஏட்டி, மெள்ளப் பேசு. நீ வருவன்னு எனக்கு எங்க தெரியும்?" சித்தியின் முகம் வெளிறியிருந்தது. "எங்க மகளிர் குழுவை மொத்தமா வேன் வச்சுக் கூட்டியாந்தாவ. ஒரு நாள் இருந்து, சொல்லித் தந்ததைச் சொன்னாப் போதும், பிரியாணியும் ஒரு சேலையும் உண்டுன்னாவ. ஏதோ படம் பிடிக்குத சமாச்சாரம்னு நெனச்சேன் மக்கா. சத்தியமாட்டும்."

"அப்ப நெசமா வேல செய்யுத பெண்ணுங்க?"

"அறியாது. லீவு விட்டிருப்பாவ."

அபிதா சுற்றிலும் பார்த்தாள். குழாயடியில் கையுறை கழற்றிக் கை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருடைய உள்ளங்கையும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மருதாணி போட்ட கை, கண்ணாடி வளையல் போட்ட கை. அண்டிப் பாலில் கறுத்த கை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு பேரும் பொய் என்றால், தான் காலையிலிருந்து இங்கிலீஷில் சொன்னது அவ்வளவும் பொய். மதாம்மையிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் சித்திக்கு என்ன ஆகும், சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று மனசு ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்க, கால் மட்டும் மார்த்தாவின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

ஆலையின் பின்முற்றத்துக்கு வந்தார்கள். ஒரு பக்கம் கொட்டையை அவிக்கிற பாய்லர். அதன் சுவரை ஒட்டி ஒரு கோடவுன், தகர ஷட்டர் தரைவரை இறக்கிப் பூட்டியிருந்தது. உச்சி வெயில். அதன் பக்கம் போனபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தகரத்தில் எதையோ வைத்து அடிப்பது போல. நின்றது. மறுபடியும் வந்தது.

மார்த்தா நின்றாள். "அது என்ன சத்தம்?"

"மூட்டை அடுக்குதாவன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் செல்வன் சட்டென்று.

அபிதா வாயைத் திறந்தாள். அப்போது ஷட்டரின் அடியிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கத்திக் கத்தித் தேய்ந்துபோன குரல்.

"செல்வன் சாரே! கதவத் திறயும்! பிள்ள விழுந்துட்டா! வெள்ளமாவது தாருமே!"

அந்த முற்றத்தில் அது புரியாத ஒரே ஆள் மார்த்தா. அவள் அபிதாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வனும் அபிதாவைத்தான் பார்த்தார். காவலாளி தரையைப் பார்த்தான். பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போல வார்த்தை வந்து விழுந்தது.

"உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாளாம். தண்ணீர் கேட்கிறார்கள்."

"டீச்சரே!" என்று செல்வன் அதட்டினார். "உங்களுக்கு என்ன சோலியோ அத மட்டும் பாருங்க!"

"இதுதான் எனக்க சோலி" என்றாள் அபிதா. அழுகை வந்துவிட்டது.

"திற" என்றாள் மார்த்தா. அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனால் சாவி செல்வனிடம் இல்லை. முதலாளி நாகர்கோவிலுக்குப் போயிருக்கிறார், சாவி அவர் காரில் என்றார். அவர் சொன்னது நிஜம்தான். அது தெரிந்தபோது அபிதாவுக்கு இன்னும் பகீரென்றது. உள்ளே இவ்வளவு பேரை வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஊருக்குப் போயிருக்கிறான்.

சத்தம் கேட்டு சாயா குடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். என்ன ஏது என்று விளங்க அவர்களுக்கு நேரம் பிடிக்கவில்லை. முத்துக்கனி சித்திதான் முதலில் குனிந்து ஷட்டரின் அடியில் கையைக் கொடுத்தாள். "பிடிங்கட்டி!" என்று கத்தினாள். பாய்லருக்குக் கட்டை தள்ளுகிற இரும்புக் கம்பியை ஒருத்தி தூக்கி வந்தாள். பூட்டு உடையவில்லை, ஆனால் பூட்டு மாட்டியிருந்த வளையம் பிய்ந்து வந்தது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தகரத்தை மேலே தள்ளினார்கள்.

முதலில் வந்தது அனல். பிறகு வியர்வையும் மூத்திரமும் கலந்த நாற்றம். பிறகு பெண்கள். பழைய நைட்டிக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாக வெளிச்சத்துக்கு வந்தார்கள். வந்தவர்கள், தங்கள் எதிரே ஆகாய நீலச் சீருடையில் நிற்கிற பெண்களைப் பார்த்து நின்றுவிட்டார்கள். சீருடைக்காரிகளும் அவர்களைப் பார்த்து நின்றார்கள். சித்தி தன் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

கடைசியில் நான்கு பேர் ஜெஸ்பினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், ஆறு மாதக் கர்ப்பம். உதடு வெடித்து, கண் செருகியிருந்தது. மார்த்தா தன் காரின் பின்கதவைத் திறந்து, "ஆஸ்பத்திரி" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

உள்ளேயிருந்து கத்தின குரல் ராஜபாயினுடையது. ஐம்பது வயது, கொட்டை உடைக்கிற பகுதியில் மூத்த தொழிலாளி, ஜெஸ்பினின் பெரியம்மா. அவள் மார்த்தாவின் முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுத்து, தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது.

"இத சொல்லு மக்கா" என்றாள் அபிதாவிடம். "காலத்த விடிஞ்சதும் வேலைக்கு வந்தோம். மதாம்மை போற வரைக்கும் சத்தம் காட்டப்பிடாதுன்னு உள்ள விட்டுப் பூட்டிட்டாவ. போன வருசமும் இப்பிடித்தான். அப்ப மழைக்காலம், அதனால ஒருத்தியும் விழல்ல. சொல்லு."

அபிதா சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள். போன வருசமும் என்று சொன்னபோது மார்த்தா பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் ஆடிட்டுக்கு வந்ததும் அவள்தான்.

ஜெஸ்பின் பிழைத்தாள். குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் அபிதா அன்று வீட்டுக்குப் போனாள். போலீஸ் வந்தது, முதலாளிமேல் வழக்குப் போட்டார்கள். ஊரில் நான்கு பேர் அவளைப் பாராட்டினார்கள். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவள் மறுபடியும் வகுப்பெடுக்கத் தொடங்கினாள்.

மாதம் முடிவதற்குள் ராஜபாய் மாடியேறி வந்தாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அபிதா நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். யாரும் உட்காரவில்லை.

"ஆபீசை மூடியாச்சு, அறிஞ்சியா?" என்றாள் ராஜபாய்.

"எதுக்கு?"

"பருப்பு வாங்குத கம்பெனி இனி வேண்டாம்னு எழுதிட்டான். வேற நாட்டுல வாங்கப் போறானாம். முதலாளிக்கு என்ன, அவனுக்கு ரப்பர் இருக்கு. எங்களுக்கு அடுப்பு எரியல்ல." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "நீ சொன்னது உள்ளதுதான் பிள்ள. உன்னக் குத்தம் சொல்ல வரல்ல. ஒண்ணு கேக்கேன். அந்த மதாம்மை எங்க கையப் பாத்தாளா?"

"பாத்தாவ."

"பாத்துட்டு, பின்ன எதுக்கு எங்கள விட்டுட்டுப் போனா?"

அவர்கள் இறங்கிப் போன பிறகு அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அறிக்கை ஒன்று போட்டிருந்தார்கள். மனித உரிமை மீறலை ஒருபோதும் சகிக்கமாட்டோம், சம்பந்தப்பட்ட நிறுவனத்துடனான உறவை உடனடியாக முறித்துவிட்டோம். அடுப்பெரியாதவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தச் சிரிக்கிற பெண்ணின் படம் மட்டும் அங்கேயே இருந்தது.

மார்த்தா தந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். கோபத்தில் இங்கிலீஷ் தடுக்கியது.

மார்த்தா முழுவதையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூட இருந்து சரிசெய்யுங்கள் என்றுதான் நான் அறிக்கையில் எழுதினேன். அவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். நாங்கள் வருகிற தேதியை முன்கூட்டியே ஆலைக்குச் சொல்லவேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. திடீரென்று போகிறேன் என்று நான் பலமுறை கேட்டேன், விடவில்லை. அவர்கள் கொடுக்கிற விலையில் ஒரு ஆலை ஒழுங்காக நடக்கமுடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதையும் நான் எழுதியிருக்கிறேன்."

அபிதா போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். ஷட்டரை இறக்கினது செல்வன், பூட்டினது முதலாளி என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கடல் தாண்டி, குளிர்ந்த அறையில், நல்ல வார்த்தைகள் எழுதுகிறவர்களும் அந்தப் பூட்டில் ஒரு கை வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குள் இறங்கவே நேரம் பிடித்தது. தெரியாமல் இல்லை. தெரியவேண்டாம் என்று இருந்திருக்கிறார்கள்.

"இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டுவிட்டதை உணர்ந்து இங்கிலீஷில் மறுபடியும் கேட்டாள்.

"எனக்கு அவர்கள் பதில் சொல்லமாட்டார்கள். அந்தப் பருப்பை வாங்கித் தின்கிறவர்களுக்குப் பதில் சொல்லியாகவேண்டும்" என்றாள் மார்த்தா.

மறுவாரம் ராஜபாய் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அபிதா போனில் வீடியோ எடுத்தாள். ராஜபாய் கையை விரித்துக் காட்டிப் பேசினாள். ஜெஸ்பின் பேசினாள். கடைசியில், யாரும் கூப்பிடாமலே வந்திருந்த முத்துக்கனி சித்தி, "நானும் சொல்லணும்" என்று எழுந்தாள்.

"நான் அங்க வேல செய்யல்ல. செய்யுதேன்னு பொய் சொன்னேன். நாங்க பிரியாணிக்குக் காத்திருந்தப்ப இவிய உள்ள வெள்ளத்துக்குக் கத்திட்டுக் கிடந்தாவ" என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். ராஜபாய் செம்பில் வெள்ளம் எடுத்து அவளிடம் நீட்டினாள்.

அபிதா வீடியோவின் கீழே இங்கிலீஷ் எழுத்துப் போட்டாள். மார்த்தா சொன்ன வெளிநாட்டு நுகர்வோர் சங்கத்துக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட, கடைகளின் வாசலில் ஜனங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள் என்று மார்த்தா எழுதினாள். பிறகு ஒருநாள் கம்பெனியிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டார்கள். திரையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு இளைஞன். நடந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தான். தங்களுக்கு நெறிமுறைதான் எல்லாவற்றுக்கும் மேல் என்றான்.

அபிதா அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் பக்கத்தில் இருந்த ராஜபாய் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"தப்பக் கண்டா விட்டுட்டு ஓடுததுக்குப் பேரு நெறியா மக்கா? எங்க கையி வெந்தப்ப வாங்கித் தின்னிய. வெந்தது வெளிய தெரிஞ்சதும் வேண்டாங்கிய. நாங்க உங்கக்கிட்ட தானமாவா கேக்கோம்? செய்த வேலைக்கு உள்ள விலையக் குடுங்க. வரணும்னா சொல்லாம வாங்க. எங்களக் கேக்கணும்னா எங்களையே கேளுங்க."

அபிதா அதை இங்கிலீஷில் சொன்னபோது அந்த இளைஞன் பக்கத்திலிருந்த யாரையோ திரும்பிப் பார்த்தான்.

எல்லாம் நேராகிவிடவில்லை. பழைய முதலாளி ஆபீசைக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர் பாதிப் பெண்களைத்தான் திரும்ப வேலைக்கு வைத்தார், மீதிப்பேர் மழை முடிகிறவரை காத்திருக்கவேண்டியிருந்தது. கம்பெனி மறுபடியும் அங்கே பருப்பு வாங்கத் தொடங்கி விலையைக் கொஞ்சம் ஏற்றியது, கேட்ட அளவுக்கு ஏற்றவில்லை. செல்வன் வேறொரு ஆலையில் மேனேஜராகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அபிதாவுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஜெஸ்பின் திரும்பி வரவே இல்லை. பெண்குழந்தை பிறந்த பிறகு கோட்டாற்றில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள்.

ஆனால் ஐப்பசி மழையில், ஒருவரும் எதிர்பாராத ஒரு காலையில், குடையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஆட்டோவில் வந்து கேட்டில் இறங்கினாள். புதிய ஆடிட்டர். காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கேட்டைத் திறந்துவிட்டான். தக்கலையிலிருந்து அபிதாவைக் கூப்பிட்டார்கள். பெண்கள் போட்டிருந்த துணியோடு, இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

"ஏதாவது குறை உண்டா?" என்று புதியவள் கேட்டாள்.

ராஜபாய் யோசித்தாள். "கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி போனா இன்னொருத்தி வெளிய நிக்கணும்" என்றாள்.

அபிதா சொன்னாள். புதியவள் எழுந்து போய்க் கதவைத் தானே ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த வாரமே தாழ்ப்பாள் போட்டார்கள். அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ராஜபாய் போனில் அபிதாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ள, ஒரு தாழ்ப்பாளுக்கு உலகம் முழுக்க இம்புட்டுச் சுத்தணுமா?" என்று கேட்டாள். சிரிக்கிறாளா கோபப்படுகிறாளா என்று அபிதாவுக்குப் பிடிபடவில்லை.